ஊசி எவ்வளவு ஆழம் போகிறது?

உடம்பைச் செதுக்கித் தருகிறோம் என்ற விளம்பரங்கள் பெருநகரங்களைத் தாண்டி மாவட்டத் தலைநகரங்களுக்கும் வந்துவிட்டன. முடி நடுவது, வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சுவது என்ற வரிசையில் இப்போது தொய்ந்த பிட்டத்தைத் தூக்கிச் சீரமைக்கும் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. 2022 மே மாதம் பெங்களூரில் 21 வயதுச் சின்னத்திரை நடிகை ஒருவர் கொழுப்பு நீக்க சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தார். 2025-ல் திருவனந்தபுரத்தில் அதே சிகிச்சைக்குப் போன மென்பொருள் பொறியாளர் ஒருவர் கை, கால் விரல்களில் ஒன்பதை இழந்தார். இரண்டும் வயிற்றுக் கொழுப்பு தொடர்பானவைதான். ஆனால், பிட்ட சிகிச்சைகளில் அதிகம் பரவியிருக்கும் வகையின் முதல் பாதியே இந்தக் கொழுப்பு உறிஞ்சல்தான். இரண்டாம் பாதி இதைவிட ஆபத்தானது.

நாளிதழில் இதைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். கூச்சப்படுவதால்தான் எழுத வேண்டியிருக்கிறது. முழங்கால் மூட்டு மாற்ற வேண்டுமென்றால் நான்கு டாக்டர்களைப் பார்த்து, பக்கத்து வீட்டில் விசாரித்து, மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு போகிறோம். இதற்கு மட்டும் யாரிடமும் சொல்லாமல், நகையை அடகு வைத்து, தனியாகப் போகிறார்கள். ஏதாவது ஆனால் எந்த ஊரில், எந்தக் கட்டிடத்தில் படுத்திருக்கிறார் என்றுகூட வீட்டுக்குத் தெரியாது.

ஆசை மட்டுமே காரணமில்லை

எனக்குத் தெரிந்த ஒரு பெண் திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை நோய்க்குப் பயந்து உணவைக் கட்டுப்படுத்தி, நாள் தவறாமல் நடந்து, ஒன்றரை ஆண்டில் 30 கிலோவுக்கு மேல் குறைத்தார். எடை போயிற்று, தோல் போகவில்லை. இடுப்புக்குக் கீழே பை போலத் தொங்கியது.

“உக்காந்தா எலும்பு குத்துதுங்ணா. வெயில் காலத்துல மடிப்பு பூரா வேர்த்துப் புண்ணாயிருது. இதைப் போய் யாருகிட்டச் சொல்றதுங்க?” என்றார். பிறகு கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். காலையில் வந்தால் மாலையில் வீடு திரும்பலாம், மாதத் தவணை வசதி உண்டு, முதலில் பதிவு செய்பவருக்குத் தள்ளுபடி என்று இருந்தது. டாக்டரின் பெயர் எங்கும் இல்லை.

இவரைப் போன்றவர்கள் இனி பெருகுவார்கள். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்தன. எடையைக் குறைக்கும் இந்த ஊசிகளால் மளமளவென்று இளைக்கிறவர்களுக்கு முகத்திலும் பிட்டத்திலும் தோல் தொய்ந்துபோகிறது. பிரசவம், முதுமை, நீண்ட நாள் நோய் ஆகியவையும் இதே நிலையைக் கொண்டுவரும். இவர்களை அழகுப் பைத்தியம் என்று ஏளனம் செய்ய யாருக்கும் உரிமையில்லை. அவர்களுக்கு என்ன விற்கப்படுகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஒரே பெயரில் மூன்று சிகிச்சைகள்

‘பிட்டத்தைத் தூக்கும் சிகிச்சை’ என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு காரியங்கள் நடக்கின்றன.

முதலாவது, தொங்கும் தோலை வெட்டி எடுத்து மீதியை மேலே இழுத்துத் தைப்பது. எடை குறைந்து தோல் தொய்ந்தவர்களுக்குப் பொருத்தமானது இதுதான். பெல்ட் போடும் இடத்தைச் சுற்றி நீளமான தழும்பு நிரந்தரமாக இருக்கும். காயம் ஆற வாரக்கணக்கில் ஆகும். விளம்பரத்தில் இந்தத் தழும்பை யாரும் காட்டுவதில்லை.

இரண்டாவது, வயிற்றிலோ இடுப்பிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்துப் பிட்டத்தில் செலுத்துவது. உலகம் முழுவதும் ‘பிபிஎல்’ (பிரேசிலியன் பட் லிஃப்ட்) என்று பரவியிருப்பது இதுதான். சமூக ஊடகங்களில் வரும் படங்கள் பெரும்பாலும் இதனுடையவை. இப்படிச் செலுத்திய கொழுப்பில் கணிசமான பகுதியைச் சில மாதங்களில் உடம்பே கரைத்துவிடும். தோல் மிகவும் தொய்ந்தவருக்கு இதனால் பெரிய பயனில்லை. காற்று இறங்கிய பலூனில் பாதி காற்று அடைத்தது போலத்தான் இருக்கும்.

மூன்றாவது, ஏதாவது ஒரு திரவத்தை ஊசியால் ஏற்றுவது. கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை, மதிய உணவு இடைவேளையில் முடிந்துவிடும் என்பார்கள். இந்த மூன்றாவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பிபிஎல் என்ற பெயரில் பிரேசில் ஒட்டிக்கொண்டதற்கு இவோ பிடாங்கி என்ற சர்ஜன் முக்கியக் காரணம். ரியோ டி ஜெனிரோவில் பிளாஸ்டிக் சர்ஜரியைக் கற்பித்து ஒரு தலைமுறையையே உருவாக்கியவர். 1961 டிசம்பரில் அருகிலுள்ள நிதெரோய் நகரில் சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றி ஐநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, வெந்துபோன குழந்தைகளுக்குத் தோல் ஒட்டச் சிகிச்சை அளித்தவர்களில் அவர் முன்னால் நின்றார். தொடை, பிட்டத் தொய்வைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை முறையை 1964-ல் எழுதினார். அவர் எழுதியது தோலை வெட்டித் தைக்கும் முறை. கொழுப்பைச் செலுத்துவது பிறகு வந்தது. நம் ஊரிலும் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு, ஸ்டான்லியின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு போன்றவற்றால்தான் இந்தத் துறைக்கு மதிப்பு வந்தது. உயிரையும் உறுப்பையும் மீட்கக் கற்ற கைகளின் வேலை இது. அதைச் சில வாரப் பயிற்சிச் சான்றிதழை மாட்டிவைத்திருப்பவர் கையில் கொடுப்பது அநியாயம்.

அறுவை அரங்கில் என்ன நடக்கிறது?

கொழுப்பு மாற்றும் சிகிச்சையில் முதலில் மருந்து கலந்த உப்புநீரை வயிற்றுப் பகுதியில் நிறையச் செலுத்துவார்கள். பிறகு மெல்லிய, நீண்ட இரும்புக் குழல் ஒன்றைச் சின்னத் துளை வழியாக நுழைத்து முன்னும் பின்னும் இழுப்பார்கள். கொழுப்பு ஒரு ஜாடியில் வந்து விழும். சற்று நேரம் அப்படியே வைத்தால் ரத்தம் கலந்த நீர் அடியிலும், எண்ணெய் மேலேயும், நடுவில் மஞ்சள் நிறக் கொழுப்புமாகப் பிரியும். நடுவில் இருப்பதை எடுத்துப் பெரிய ஊசிக்குழாய்களில் நிரப்புவார்கள். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, இன்னொரு குழல் வழியாகப் பிட்டத்தில் செலுத்துவார்கள்.

உயிர் ஊசலாடும் இடம் இதுதான். தோலுக்கு அடியில் கொழுப்பு அடுக்கு, அதற்குக் கீழே ஒரு மெல்லிய உறை, உறைக்குக் கீழே தசை. தசைக்கு அடியில் தடித்த சிரைகள் ஓடுகின்றன. அவை நேராக அடிவயிற்றின் பெரிய ரத்தக் குழாயில் சேர்ந்து இதயத்துக்குப் போகின்றன.

குழலின் நுனி கீழ்நோக்கிச் சாய்ந்து உறையைத் தாண்டினால் அந்தச் சிரையைக் கிழித்துவிடும். கிழிந்த இடத்தில் கொழுப்பு உள்ளே இழுக்கப்பட்டு, இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் ரத்தக் குழாய்களை அடைத்துவிடும். சில நிமிடங்களில் மூச்சும் துடிப்பும் நின்றுவிடலாம். மேசையிலேயே இறந்தவர்கள் உண்டு. ரத்தம் ஏறும் தசைக்குள் வைத்தால் கொழுப்பு பிழைத்து நிற்கும் என்று ஒரு காலத்தில் டாக்டர்களே நம்பி ஆழமாகச் செலுத்தினார்கள். அதற்கு விலையாகப் போனவை உயிர்கள்.

புளோரிடா கற்ற பாடம்

அழகு அறுவை சிகிச்சைக்கான அமெரிக்க ஆய்வு அமைப்பு ஒன்று, பல நாடுகளைச் சேர்ந்த 692 சர்ஜன்களிடம் கேட்டு 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்கள் சொன்ன மரணங்கள் மட்டும் 32. கணக்குப் போட்டதில் சுமார் மூவாயிரம் பேருக்கு ஒருவர் இறக்கிறார் என்று தெரிந்தது. அழகுக்காகச் செய்யும் வேறு எந்த அறுவை சிகிச்சையிலும் இவ்வளவு மரணம் இல்லை. உடற்கூராய்வுகள் இன்னொன்றையும் காட்டின. இறந்த ஒவ்வொருவரின் பிட்டத் தசைக்குள்ளும் கொழுப்பு இருந்தது. தோலுக்கு அடியில் மட்டும் கொழுப்பு செலுத்தி இறந்தவர் ஒருவரும் இல்லை.

தசைக்குள் செலுத்தாதீர்கள் என்று நிபுணர் சங்கங்கள் சேர்ந்து எச்சரித்தன. பிரிட்டனின் அழகு அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கம் 2018-ல் இந்தச் சிகிச்சையையே தற்காலிகமாக நிறுத்தும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. எச்சரிக்கையைக் கேட்டு நடந்தவர்களிடம் பலன் தெரிந்தது. அடுத்து எடுத்த கணக்கில் மரண விகிதம் சுமார் பதினைந்தாயிரத்துக்கு ஒன்று என்று இறங்கியிருந்தது.

ஆனால் புளோரிடாவின் தென்பகுதியில் சாவு நிற்கவில்லை. 2010 முதல் 2022 வரை அங்கே 25 பேர் இறந்ததாக 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. பெரும்பாலானவர்கள் இறந்தது, குறைந்த கட்டணத்தில் நாள் முழுக்க வரிசையாகச் சிகிச்சை செய்யும் மையங்களில். ஒருவர் மேசையிலிருந்து இறங்குவதற்குள் அடுத்தவர் தயாராக இருப்பார். டாக்டரின் கை சோர்ந்துபோகும், குழலின் கோணம் மாறிவிடும்.

எனவே அரசு தலையிட்டது. 2022-ல் கொண்டுவந்த அவசர விதி, ஒரு சர்ஜன் ஒரு நாளைக்கு மூன்று பேருக்கு மேல் செய்யக் கூடாது என்றது. 2023-ல் சட்டம் வந்தது. சிகிச்சைக்கு முந்தைய நாளுக்குள் டாக்டர் நோயாளியை நேரில் பரிசோதித்திருக்க வேண்டும். கொழுப்பு எடுப்பதையும் செலுத்துவதையும் அவரே செய்ய வேண்டும், உதவியாளரிடம் விடக் கூடாது. செலுத்தும்போது அல்ட்ராசவுண்ட் திரையில் குழலின் நுனியைப் பார்த்துக்கொண்டே செலுத்த வேண்டும். தசையின் உறையைத் தாண்டவே கூடாது. புளோரிடா யாருடைய ஆசையையும் தடை செய்யவில்லை. ஊசி போகும் ஆழத்துக்கும் ஒரு கையால் செய்யும் எண்ணிக்கைக்கும் கணக்குக் கேட்டது.

கத்தியில்லாத ஊசி

இப்போது அந்த மூன்றாவது வகைக்கு வருவோம். மூன்றிலும் எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். ஆபரேஷனுக்குப் பயப்படும் ஏழைப் பெண்ணைத் தேடி இதுதான் வரும்.

1994-ல் மிஸ் அர்ஜென்டினாவாகத் தேர்வான சோலாஞ்சே மக்னானோ 2009-ல் பிட்டத்தில் ஊசி போட்டுக்கொண்ட பின் நுரையீரல் அடைப்பால் இறந்தார். அதே நாட்டு நடிகை சில்வினா லூனா, பல ஆண்டுகளுக்கு முன் உடலில் ஏற்றிய பிளாஸ்டிக் பசை போன்ற பொருளால் சிறுநீரகம் பழுதாகி 2023-ல் இறந்தார். ஊசி போட்ட அன்றே எதுவும் தெரியாது என்பதற்கு லூனாவின் மரணமே சாட்சி. 2018-ல் ரியோவில் சமூக ஊடகப் புகழ் பெற்ற டாக்டர் ஒருவர் தன் அடுக்குமாடி வீட்டிலேயே ஊசி போட்டு, வங்கி மேலாளரான ஒரு பெண் உயிரிழந்தார். அந்த டாக்டரை லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்கள். உடலை வடிவமைக்க சிலிகோன் திரவத்தை ஏற்றிக்கொள்ளக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-லேயே எச்சரித்துவிட்டது.

பிரிட்டனில் 2024 செப்டம்பரில் ஐந்து குழந்தைகளின் தாயான 33 வயதுப் பெண் ஒருவர் இத்தகைய ஊசிக்குப் பிறகு இறந்தார். அதன் பிறகுதான் அந்த நாட்டு அரசு விழித்தது. அதிக ஆபத்துள்ள இந்தச் சிகிச்சையைத் தகுதிபெற்ற மருத்துவத் துறையினர் மட்டுமே, பதிவுபெற்ற இடத்தில் மட்டுமே செய்யலாம் என்று கட்டுப்பாடு கொண்டுவரப்போவதாக 2025 ஆகஸ்டில் அறிவித்தது. ஒரு தாய் போன பிறகு வந்த அறிவிப்பு அது.

தமிழ்நாடு செய்ய வேண்டியது

நம்மிடம் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1997-ல் இயற்றி 2018-ல் விதிகள் வகுத்த தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. எல்லா கிளினிக்கும் அதன் கீழ் பதிவு செய்ய வேண்டும். டாக்டர்கள் விளம்பரம் செய்து நோயாளியைப் பிடிக்கக் கூடாது என்று 2002-ம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகள் சொல்கின்றன. நோயாளிக்குப் போதிய தகவல் தராமல் வாங்கும் ஒப்புதல் செல்லாது என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் 2008-ல் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. நோய்க்கான சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, அழகுக்கான அறுவை சிகிச்சைக்குக் கிடையாது. வரி வசூலிக்கும்போது இதைத் தனி வகையாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த அரசுக்கு, பாதுகாப்பு விதி வகுக்கும்போதும் அப்படிப் பார்ப்பது கடினமாக இருக்க முடியாது.

அழகு அறுவை சிகிச்சைக்கென மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் விதிகளில் தனிப் பகுதி சேர்க்க வேண்டும். கொழுப்பைச் செலுத்தும் சிகிச்சைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவும் முழுநேர மயக்க மருந்து நிபுணரும் உள்ள மருத்துவமனையில் மட்டுமே அனுமதி தரலாம். மாடிப்படி ஏறிப் போகும் இரண்டு அறை மையங்களுக்கு அனுமதி கூடாது. அல்ட்ராசவுண்ட் கட்டாயம், ஒரு நாளைக்கு ஒரு சர்ஜனுக்கு மூன்று பேர், முந்தைய நாளுக்குள் நேரில் பரிசோதனை என்ற புளோரிடா விதிகளை அப்படியே எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விளம்பரம் எந்த வடிவில் வந்தாலும் சிகிச்சை செய்யப்போகும் டாக்டரின் பெயர், படிப்பு, பதிவு எண் ஆகியவை அதில் இல்லையென்றால் அந்த மையத்தின் பதிவை ரத்து செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கேட்பது ஒன்று. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் தமிழ்நாட்டில் அது அப்படியே மறக்கப்படுவதில்லை. எந்த நேரத்தில் வலி வந்தது, ஆம்புலன்ஸ் எப்போது வந்தது, ரத்தம் இருந்ததா, யார் பணியில் இருந்தார் என்று ஒவ்வொரு மரணமும் மாவட்ட அளவில் ஆராயப்படுகிறது. தாய் மரணத்தைக் குறைப்பதில் இந்த மாநிலம் நாட்டுக்கே முன்மாதிரியானதில் அந்தத் தணிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. அழகு சிகிச்சையால் நேரும் மரணத்துக்கும் உறுப்பிழப்புக்கும் அதே தணிக்கை வேண்டும். இன்று அப்படி ஒரு கணக்கு எந்த அலுவலகத்திலும் சேர்வதில்லை. குடும்பம் மானத்துக்கு அஞ்சி வாய் திறக்காது. மையமும் பேசிச் சரிக்கட்டிவிடும். இறந்தவர் எண்ணிக்கையில்கூட வரமாட்டார்.

இன்னொன்றும் உண்டு. எடை குறைந்து தோல் தொங்கி, மடிப்பில் புண்ணாகி, உட்கார முடியாமல் தவிப்பவருக்குச் செய்யும் தோல் நீக்கத்தை ஆடம்பரக் கணக்கில் எழுதுவது கொடுமை. காப்பீட்டு நிறுவனங்கள் ‘அழகு’ என்று சொல்லிக் கைவிரித்துவிடுகின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுகளில் வாரம் ஒரு நாள் இவர்களுக்கென்று வெளிநோயாளர் நேரம் ஒதுக்கினால், பாதிப் பேர் விளம்பரத்தை நம்பிப் போகமாட்டார்கள். திருப்பூர் பெண் அப்படித்தான் ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனார். எடை ஆறு மாதம் ஒரே நிலையில் நிற்கட்டும், சர்க்கரையும் ரத்த அளவும் சரியாகட்டும், அதன் பிறகு தோலை எடுக்கலாம், தழும்பு இவ்வளவு நீளம் இருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் தன் இடுப்பிலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினாராம். “அந்தத் தழும்பைப் பத்தி அவரு ஒருத்தருதாங்ணா சொன்னாரு” என்றார்.

போவதற்கு முன்பு

இந்தச் சிகிச்சை உங்களுக்கு வேண்டும் என்று முடிவு செய்திருந்தால், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். சர்ஜனை நேரில் பாருங்கள். ஆலோசகர், மேலாளர் என்று வேறு யார் பேசினாலும் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். எனக்குத் தோலை எடுக்கப்போகிறீர்களா, கொழுப்பைச் செலுத்தப்போகிறீர்களா என்று கேளுங்கள். கொழுப்பு என்றால் தசைக்குள் போகுமா, தோலுக்கு அடியில் மட்டுமா, அல்ட்ராசவுண்ட் வைத்துத்தான் செய்வீர்களா, அன்று எனக்கு முன்னால் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். ஊசி மட்டும் என்றால், மருந்துப் புட்டியின் பெயரைப் படித்துப் பார்க்காமல் படுக்காதீர்கள். சிகிச்சைக்குப் பின் சில வாரம் பிட்டத்தை அழுத்தி உட்கார முடியாது என்பதால் வேலைக்கும் பயணத்துக்கும் என்ன செய்வீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, காய்ச்சல், கால் வீக்கம் எது வந்தாலும் மையத்தின் பதிலுக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். ஏமாற்றப்பட்டால் உங்கள் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

டாக்டரின் பெயரையும் பதிவு எண்ணையும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். முடித்து அதன் மேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கட்டிய முன்பணம் போனாலும் போகட்டும், எழுந்து வந்துவிடுங்கள்.